தீர்மானம் விழும் இடம்

ஏப்ரல் 2, 2025, புதன்

நாளைக்கு மயிலாப்பூர் கபாலி கோயிலில் பங்குனித் திருவிழாக் கொடியேற்றம். ஆபீஸ் விட்டு வரும்போதே மாட வீதியில் சொப்புக் கடைகள் முளைத்திருந்தன. வீட்டுக்கு வந்ததும் கேமரா டப்பாவைத் திறந்தேன். மெட்ராஸ் ஈரக்காற்றில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் உள்ளே சிலிகா ஜெல் போட்டு வைப்பது வழக்கம். நீல மணிகள் எல்லாம் ரோஸ் நிறமாகியிருந்தன. சமையலுக்கு எடுக்காத பழைய தோசைக்கல்லில் சூடு காட்டியதும் மறுபடி நீலமாயின.

இந்த வருஷம் சாமியை எடுக்கப்போவதில்லை. சாமிக்கு முன்னால் நடக்கிற நாயனத்தையும் (நாதஸ்வரம்) தவிலையும் மட்டும்தான். நேற்று ராத்திரி பழைய ஃபோல்டர்களைப் புரட்டினேன். ஐந்து வருஷத்துப் பங்குனியில் வாகனப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வாசித்தவர்களோ ஓரத்தில் வெட்டுப்பட்ட தோளாகவும் முதுகாகவும்தான் இருக்கிறார்கள். பத்து நாளும் கால் கடுக்க வாசிப்பவர்களுக்கு என்னிடம் ஒரு முழு முகம்கூட இல்லை என்பது உறுத்தியது.

ஏப்ரல் 3, வியாழன்

கொடியேற்றம். நல்ல நெரிசல். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஏப்ரல் 5, சனி

மூன்றாம் திருநாள், அதிகார நந்தி வாகனம். நாலு மணிக்கே எழுந்து ஓடினேன். ராத்திரி முழுக்க கேமரா ஏ.சி. அறையில் இருந்ததை யோசிக்கவில்லை. சன்னதித் தெருவில் மூடியைக் கழற்றியதும் லென்ஸில் ஆவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. அது தானாகத் தெளியும்வரை காதை மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் தவில் தனியாக முழங்கியது. பிறகு நாயனம் கம்பீரநாட்டை ராகத்தைப் பிடித்து மல்லாரிக்குள் நுழைந்தது. மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. ஸ்வரக்கட்டும் தாளமும் மட்டும்தான். சாமி புறப்பாட்டுக்கென்றே உண்டான உருப்படி அது. தேருக்கு ஒன்று, தளிகைக்கு (நைவேத்தியம்) ஒன்று, தீர்த்தம் கொண்டுவர ஒன்று என்று தனித்தனி மல்லாரிகள் உண்டு. எடுத்த உருவத்தையே முதலில் நிதானமாக வாசித்து, பிறகு இரண்டு மடங்கு, அப்புறம் நாலு மடங்கு வேகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மூன்றாம் காலம், அந்த நாலு மடங்கு வேகம், வந்தபோது வாகனத் தண்டுக்குத் தோள் கொடுத்து நின்றவர்களின் கால்கள் தரையில் தட்ட ஆரம்பித்துவிட்டன. யாரும் "கிளம்பு" என்று சொல்லவே வேண்டியதில்லை.

லென்ஸ் தெளிந்தபோது, நூறு வயது கடந்த அந்த வெள்ளி நந்தி கோபுர வாசலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. கூட்டம் மொத்தமும் போனைத் தூக்கியது. சாமிக்கு முதுகைக் காட்டக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. ஓரமாகச் சாய்ந்து நின்று தவில்காரரை எடுத்தேன். மொத்தம் 42 படம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

42-ல் ஒன்றுகூடத் தேறவில்லை. ஷட்டர் வேகம் 1/500-ல் எடுத்ததில் எல்.இ.டி. விளக்கால் படம் முழுக்கக் கோடு கோடாக விழுந்திருக்கிறது. 1/50-க்கு இறக்கியதில் கோடு போயிற்று. ஆனால் குச்சி, கை, முகம் எல்லாமே கலங்கல். தவிலில் இடந்தலையைக் குச்சியும் வலந்தலையைக் கூடு மாட்டிய விரல்களும் அடிக்கின்றன. இரண்டும் ஒரு கணம் நிற்பதாகத் தெரியவில்லை.

அம்மா காப்பியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். மாட வீதியிலேயே பிறந்து வளர்ந்தவள். சாமி எந்த முனை திரும்புகிறது என்பதைச் சமையலறையிலிருந்தே மேளத்தை வைத்துச் சொல்லிவிடுவாள்.

"நீ பாட்டுக்குக் கண்ட இடத்துல அமுக்கினா எப்படிடா? தவில்காரர் முடிக்கப்போறப்ப தீர்மானம் வைப்பார். ஒரே சொல்லு மூணு தடவை வரும். ரெண்டாவது தடவை வரப்பவே தயாரா இரு. மூணாவது போய் விழற இடத்துல கை, தலை எல்லாம் ஒரு நொடி நிக்கும். அப்ப எடு."

தாளம் போட்டே காட்டினாள். மேசை மேல் டம்ளர் ஆடியது. பத்து வருஷமாகக் கச்சேரி கேட்கிறேன், தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் முடிப்புக் கோர்வை மூன்று முறை வருவது எனக்கும் தெரியும். அதைக் கேமராவோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசை நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. அதைப் பேசும்போதெல்லாம் சபா மேடைதான் எல்லோர் கண்ணிலும் வருகிறது. எனக்கும் மார்கழிக் கச்சேரிகள் உயிர்தான். என்றாலும் இந்த ஊர் இசையில் டிக்கெட் இல்லாமல், நடந்துகொண்டே, செருப்பில்லாத காலோடு கேட்கிற பாதி இந்த வீதிகளில் இருக்கிறது. சம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் மயிலாப்பூர்ப் பங்குனி உத்திரத்தை 'ஒலிவிழா' என்கிறார். 1300 வருஷத்துக்கும் முந்தைய வார்த்தை. நேற்று விடியற்காலை ஆவி படிந்த லென்ஸோடு நின்றபோது அது எனக்கு அப்படியே விளங்கியது.

ஏப்ரல் 7, திங்கள்

ராத்திரி ரிஷப வாகனம். எஃப்/1.8, ஐ.எஸ்.ஓ. 3200, 1/50. தவில்காரருக்கு எதிரே பின்னோக்கி நடந்துகொண்டே கேட்டேன். முதல் இரண்டு தீர்மானத்தைத் தவறவிட்டேன், அவசரப்பட்டு முன்னாலேயே அமுக்கிவிட்டேன். மூன்றாவதில் வாயாலேயே எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது வந்து விழுந்ததும் அமுக்கினேன். பின்புறத் திரையில் பார்த்தேன். நெற்றி வியர்வையில் விளக்கு மின்னுகிறது. உதடு அழுந்தியிருக்கிறது. விரல் கூடுகள் தோல் மேல் தனித்தனியாகத் தெரிகின்றன. கையெல்லாம் நடுங்கிவிட்டது எனக்கு.

நாயனத்துக்கு வேறு கணக்கு. மூச்சு எடுக்கும் முன்னால் கன்னம் லேசாகத் தளரும், கண் திறக்கும். அதைப் பிடிக்க இன்னும் பழக வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

தேர். லீவு கிடைக்கவில்லை. பால்கனியிலிருந்து அம்மா போனில் தேர் மல்லாரியைக் கேட்க வைத்தாள். மாலையில் ஸ்டூடியோவில் தவில் படத்தை 6×8-ல் பிரிண்ட் போட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அறுபத்து மூவர். மதியத்திலிருந்தே நீர்மோரும் பானகமும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள் என் கேமராப் பையில் ஒரு விசிறியையும் செருகிவிட்டார். நாயன்மார்கள் வரிசையாக வர ஆரம்பிக்கும் முன், நிழலில் உட்கார்ந்திருந்த தவில்காரரிடம் போனேன்.

"ஐயா, திங்கக்கிழமை ரிஷபத்தன்னிக்கு எடுத்தேன். உங்களுக்குத்தான்."

வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வலந்தலை மேல் இருந்த தன் விரலைப் படத்தில் தொட்டார்.

"தீர்மானம் முடிஞ்சு விழுந்த எடம் தம்பி இது. குச்சி எறங்கிருச்சு பாருங்க. கேட்டுத்தான் எடுத்திருக்கீங்க."

எனக்குப் பேச்சே வரவில்லை. சத்தமில்லாத ஒரு காகிதத்திலிருந்து அவர் அந்த அடியைக் கேட்டுவிட்டார்.

அடுத்து, படத்தின் இடது ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒரு சின்னக் கை, அதில் கைத்தாளம் பாதி. "இது நம்ம பய. தாளம் அவன்தானே போட்டான். அவனைக் காணுமே?"

பையன் அங்கேதான் இருந்தான். பன்னிரண்டு வயது இருக்கும். அப்பா தோளுக்குப் பின்னாலிருந்து படத்தில் தன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நாயனம் மூன்று காலம் போனாலும், தவில் எங்கே சுற்றி எங்கே வந்து விழுந்தாலும், அவ்வளவுக்கும் இடம் காட்டுகிறவன் அவன்தான். சாமி படங்களில் வாசிக்கிறவர்களை ஓரத்தில் வெட்டியதற்காக வருத்தப்பட்ட நான், இவனையும் அதே ஓரத்தில்தான் வெட்டியிருக்கிறேன்.

"இன்னிக்கே எடுக்கிறேன் ஐயா," என்றேன்.

50 மி.மீ. லென்ஸைக் கழற்றி, அகலமாகப் பார்க்கும் 24-ஐ மாட்டினேன். வெயில் கண்ணைக் குத்தியது. வீதிக்குப் பின்னால் வானம் வெளுத்துப்போய் முகமெல்லாம் கறுத்து விழுந்தது. சூரியன் வீட்டு மாடிகளுக்குப் பின்னால் இறங்கும்வரை கூடவே நடந்தேன். அப்புறம் கிடைத்தது. நடுவில் தவில், வலப்பக்கம் நாயனம், இடப்பக்கம் பையன். தாளம் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. அவன் கண் கூட்டத்தில் இல்லை, கேமராவில் இல்லை, அப்பாவின் விரல்களில் இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

திருக்கல்யாணம். இரண்டு பிரதி போட்டுக்கொண்டு போனேன். பையனின் அப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். பையன் தன்னுடையதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"தேதி எழுதிக் குடுங்கண்ணா."

பின்புறம் எழுதிக் கொடுத்தேன். மை காயும்வரை ஊதிவிட்டு, தவில் உறைக்குள் தட்டையாக வைத்தான். உள்ளே கெட்டிமேளத்துக்குக் கூப்பிட்டார்கள். தாளத்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.