பெருகேதேயின் செபஸ்தியார்

ஸ்பெயினின் வயாதோலித் நகரத்துத் தேசியச் சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கும் புனித செபஸ்தியார் மரச்சிலையின் படத்தை நேற்றிரவு நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தாலியில் பயின்று திரும்பிய அலோன்சோ பெருகேதே, சான் பெனித்தோ மடாலயத்தின் பீடத்துக்காக 1526க்குப் பின் உருவாக்கிய சிலைகளுள் இதுவும் ஒன்று. மரத்தண்டோடு முறுக்கி நிற்கும் அந்த மெலிந்த இளைஞன் நிற்கிறானா, சரிகிறானா என்று சொல்ல முடியவில்லை.

இச்சிலைகளில் ஆடைகளுக்கு வண்ணமேற்றிய முறைதான் என்னை மிகவும் ஈர்த்தது. மரத்தின்மேல் ஜிப்சமும் பசையும் கலந்த பூச்சு, அதன்மேல் செங்களிமண், அதன்மேல் தங்க ரேக்கு என்று அடுக்கி, அத்தனை தங்கத்தையும் வண்ணத்தால் மூடிவிட்டு, கூர்முனையால் மெல்லச் சுரண்டும்போது, அடியிலிருந்து பொன்கோடுகள் பூவேலைப்பாடாக எழுகின்றன. (மறைப்பதற்கா இத்தனை தங்கம் என்றுதான் முதலில் நினைத்தேன்.) முகத்துக்கும் உடலுக்கும் தோல்நிறம் தீட்டுவது தனிக் கலை, அதற்குத் தங்கம் தேவைப்படவில்லை.