செத்தவங்க பல்லா இது?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி லேபில் பல்செட்டு செய்வது என் பிழைப்பு. டெண்டல் மெக்கானிக். எங்களிடம் ஆள் வருவதில்லை, பிளாஸ்டரில் வார்த்த வாய்தான் வரும். கூடவே சீட்டில் பல்லின் ஷேடு, அதாவது நிற எண், எழுதியிருக்கும். டாக்டர் ஏ3 என்று எழுதினாலும், வீட்டில் கல்யாணம் இருந்தால் "இன்னும் வெள்ளையா போடுங்க" என்று போன் வந்துவிடும்.

கடி சரிபார்க்கும்போது மட்டும், மெழுகில் பல்லைப் பதித்த மாதிரிச் செட்டோடு கீழே கிளினிக்குக்கு இறங்குவேன். காசிமேட்டில் மீன் விற்கும் ஆயா ஒருத்தர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, யார் பல்லு இது? செத்தவங்களுது எதுனா புட்ங்கினு வந்தியா?"

இளம் டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1815-ல் வாட்டர்லூ போர்க்களத்தில் செத்துக்கிடந்தவர்களின் வாயிலிருந்து பல்லைப் பிடுங்கி விற்றார்கள். நீர்யானைத் தந்தத்தில் செதுக்கிய பல் கறுத்து நாறும் என்பதால், காசுள்ளவர்கள் மனிதப் பல்லைத்தான் கேட்டார்கள். 'வாட்டர்லூ பல்' என்றே அதற்குப் பேர். ஆயாவின் சந்தேகம் இருநூறு வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

எல்லோரும் நம்பும் கதைதான் பொய். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மரப்பல் என்பார்கள். 1789-ல் அவர் ஜனாதிபதி ஆனபோது வாயில் சொந்தப் பல் ஒன்றுதான். கட்டியிருந்தது தந்தம், ஈயம், மனிதப் பல், மாட்டுப் பல். மரம் இல்லவே இல்லை. அவருடைய 1784 கணக்கில் கறுப்பின மக்களிடம் ஒன்பது பல் வாங்கியதற்கு 6 பவுண்டு 2 ஷில்லிங் என்று இருக்கிறது. அவர் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் பல்லாகத்தான் இருக்கும் என்கிறார்கள். அவர் வாய்க்கே போனதா என்று கணக்கு சொல்லவில்லை. இதைவிட அந்த மரக்கதை எவ்வளவு சௌகரியம்!

நிஜ மரப்பல் இருந்தது ஜப்பானில். 1538-ல் இறந்த ஒரு புத்த பிக்குணியின் மரப் பல்செட்டு இன்னும் இருக்கிறது. கையால் இழைத்தது. தொழில்காரனாகச் சொல்கிறேன், பொறாமையாக இருக்கிறது.

ஆயாவிடம் "பிளாஸ்டிக் சாதி, ஆயா. அக்ரிலிக்" என்றேன். 1930-களின் கடைசியில் வந்த சரக்கு. அதற்கு முன் கெட்டி ரப்பர். அடுத்த கேள்வி தயாராக இருந்தது: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போயிடுமா? போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் போகிற வயசிலேயே கண்புரையும் வருகிறது, பழி பல் டாக்டர் மேல்.

எனக்கு எரிச்சல் தருவது வேறொரு நம்பிக்கை: ஒருமுறை கட்டினால் ஆயுசுக்கும் போதும் என்பது. பல் இல்லாத தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும், கீழ்த்தாடை இன்னும் வேகமாக. செட்டு அப்படியே இருக்கும், வாய்தான் சுருங்கும். பிறகு "லூசா செஞ்சிட்டான்" என்று எனக்குத் திட்டு. சிலர் வெந்நீரில் போட்டு வளைத்துவிட்டு வருவார்கள். உடைந்ததைக் கடையில் விற்கும் பசையால் கோணலாக ஒட்டி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டு துண்டையும் அப்படியே கவரில் போட்டுக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.