முதல் பரிசு என்ன தம்பி?

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் என்கிற மலைச் சைக்கிள் விழாவா என்று சிரித்தவர்களைச் சமாளித்துவிட்டோம். போட்டியே இல்லாத விழாவா என்று முறைத்தவர்களிடம்தான் ரெண்டு மாதம் அலைந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக முடிந்தது. உள்ளங்காலில் ஒரு முள் இன்னும் இருக்கிறது, அது வெளியே வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காரைக்குடிப் பக்கம் மலை என்றால் குன்றக்குடிதான். அங்கே முருகன் இருக்கிறார், நாம் டயர் உருட்ட முடியாது. ஆனால் செம்மண் தடம், கண்மாய்க் கரை, தைலமரக் காடு, கலுங்குச் சரிவு எல்லாம் நமக்கு உண்டு. ரெண்டு கண்மாயைச் சுற்றி 22 கிலோமீட்டர் வளையம் போட்டோம். நேரம் குறிப்பது கிடையாது. வழியில் மூன்று இடத்தில் நின்று வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டே ஆகவேண்டும், அது ஒன்றுதான் விதி. வாட்ஸப்பில் சொன்னோம், 43 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் அனுமதி. கண்மாய் எல்லாம் ஒரே ஆபீஸ் என்று நினைத்து ஒரு இடத்தில் மனுவோடு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கூப்பிட்டு, "ஆயக்கட்டு எத்தனை ஏக்கர்?" என்றார்கள். நான் விழித்தேன். 100 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது, அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. எங்கள் வளையத்தில் ஒன்று பெரியது, ஒன்று சின்னது. ஆக ரெண்டு மனு, ரெண்டு இடம். முதலிலேயே விஏஓவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.

இன்னொரு ஆபீஸில் மனுவை வாங்கியவர், "முதல் பரிசு என்ன தம்பி?" என்றார்.

"பரிசு இல்லை சார். போட்டி இல்லை. சும்மா ஜாலியா ஓட்டுறது."

பேனா மூடியைத் திறந்தார், திரும்ப மூடினார். "பரிசு இல்லாம எதுக்கு ஓட்டுறாங்க? விவரமா எழுதிட்டு வாங்க."

விவரமாக எழுதிக்கொண்டு போனேன், அவர் லீவு. மூன்றாவது தடவை, நண்பன் சொன்னபடி தலைப்பை மட்டும் 'சைக்கிள் விழிப்புணர்வுப் பேரணி' என்று மாற்றினேன். நின்ற இடத்திலேயே கையெழுத்து. எதைப் பற்றிய விழிப்புணர்வு என்று கேட்கவே இல்லை. காவல் நிலையத்தில், ஒலிபெருக்கி வைக்கமாட்டோம் என்றதும் வேலை முடிந்துவிட்டது.

தேதியையும் ஒரு தடவை மாற்ற வேண்டியிருந்தது. மழை முடிந்து கரை காய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது என்று மாசியைப் பிடித்தோம். சிவராத்திரியைக் காலண்டரில் பார்க்கவில்லை. பாதிப் பேர் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் சைக்கிளுக்கு யார் வருவார்?

கிளம்புகிற இடத்துக்கு ஒரு பழைய செட்டியார் வீட்டு முகப்பைக் கேட்டோம். நீளத் திண்ணை, முன்னால் கார் நிறுத்த இடம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், "எனக்குச் சந்தோஷம்தான் தம்பி, பங்காளிகளைக் கேட்டுக்கங்க" என்றார். ஏழு புள்ளி, அதாவது வீட்டில் பங்குள்ள ஏழு குடும்பம். சென்னையில் மூன்று, கோவையில் ரெண்டு, பெங்களூரில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று. ஒவ்வொருவரும் "மத்தவங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி" என்றார்கள். முதலில் சரி சொல்ல ஆள் இல்லை! கோலாலம்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நான் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு அங்கே பன்னிரண்டரைக்கு எழுப்பிவிட்டேன். எழுந்த கோபத்தில் திட்டுவார் என்று பார்த்தால், சின்ன வயதில் அந்தத் திண்ணையிலிருந்து வாடகை சைக்கிளோடு விழுந்த கதையை இருபது நிமிடம் சொல்லிவிட்டுச் சரி என்றார். அதற்கப்புறம் மற்ற ஆறும் ஒரே நாளில் வந்தன.

ஐயனார் கோயில் காடு குறுக்கே வந்தது. அங்கிருந்த பெரியவர், "ஐயனாரு குதிரையில நிக்கிறாரு. அவரு முன்னாடி நீங்க செருப்பும் சைக்கிளுமா போவீகளா?" என்றார். கடைசியில், மண்குதிரை வரிசை முடியும்வரை செருப்பைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு தள்ளிப்போவது என்று பேச்சு முடிந்தது. 43 பேரும் வெறுங்காலோடு போனோம். என் முள் அங்கே ஏறியதுதான்.

பெரிய முள் கதை வேறு. எங்கள் மேல் உள்ள பிரியத்தில் ஊர்க்காரர்கள் முந்தைய நாள் கரையில் நின்ற சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டியதைக் கரை ஓரத்தில் போட்டார்கள், சிம்பெல்லாம் பாதையிலேயே கிடந்தது. விடிகாலை அஞ்சு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. தென்னந்துடைப்பத்தால் ஒரு கிலோமீட்டர் கூட்டினோம். அப்படியும் 31 பஞ்சர். டியூப்லெஸ் டயரில் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றி வந்தவர்கள் முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டினார்கள், டியூப்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் சைக்கிள் கடைக்காரரை உதவிக்குக் கூப்பிட்டால், அவர் பம்ப் எங்கள் டியூபின் பிரெஸ்டா வால்வில், அதாவது காற்றடிக்கும் ஒல்லி மூக்கில், பொருந்தவில்லை. "இது என்னப்பா, மிளகாய்க் காம்பு மாதிரி இருக்கு" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனி அளவு பித்தளை அடாப்டர், ஆளுக்கு ஒன்று பையில் போடச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை.

பஞ்சரால் யாருக்கும் முகம் சுருங்கவில்லை, போட்டி இல்லாததன் லாபம் அதுதான். ஒட்டுகிற இடமெல்லாம் பணியாரத் தட்டு நகர்ந்து வந்தது. கடைசியாக வந்த ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு, முகத்தில் செம்மண் அப்பியிருக்க, எவர்சில்வர் தூக்கு நிறைய சீயம் கொடுத்தோம்.

சாயங்காலம் பங்காளிகள் ஏழு பேருக்கும் படம் அனுப்பினேன். கோலாலம்பூரிலிருந்து முதலில் பதில் வந்தது: "ரொம்பச் சந்தோஷம் தம்பி. ஜெயிச்சது யாரு?"