ஆவியாகும் எத்தனால் துளியின் வெப்பநிலை: ஆய்வு மேசைக் குறிப்புகள்

மார்ச் 3

லேசர் பட்டால் சாயம் ஒளிரும்; அந்த ஒளியின் இரண்டு நிறப்பகுதிகளின் விகிதத்தைக் கொண்டு துளியின் வெப்பநிலையைக் கணிப்பதுதான் முறை.

கரைசல் தயார். 24 மி.கி. ரோடமைன் பி சாயத்தை எத்தனாலில் கரைத்து 100 மி.லி. ஆக்கினால் மூலக்கரைசல். அதில் 10 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் செறிவு 5×10⁻⁶ மோல்/லிட்டர். நிறம் வெளிறித்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் சாயம் போட்டால் சிக்னல் ஏறுமே என்று கை துறுதுறுக்கும்; போடக் கூடாது.

சிலிக்கோன் குழாய் வேண்டாம். சாயத்தைக் குடித்துவிட்டு, அடுத்த கரைசல் ஓடும்போது கக்கும். டெஃப்லான் குழாய், கண்ணாடிக் குடுவை போதும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நீர் சேர்ந்தால் சாயத்தின் நிறமாலையே நகரும். ஆகவே குடுவை மூடியே இருக்கட்டும், வெளிச்சமும் படாமல். டெக்கேன், டோடெக்கேன் போன்ற எரிபொருள்களில் ரோடமைன் கரையாது. அவற்றுக்குப் பைரோமெத்தீன் 597 என்ற சாயம்.

மார்ச் 4

துளி வரிசை. 100 மைக்ரான் துளை, தாரையின் வேகம் நொடிக்கு 8 மீட்டர். ராலே கணக்குப்படி தாரை ஒழுங்காக உடைய, அலைநீளம் துளை விட்டத்தைப் போல் 4.5 மடங்கு இருக்க வேண்டும். அதாவது 451 மைக்ரான். பீசோவுக்கு (மின்னழுத்தத்தால் அதிர்ந்து தாரையை உடைக்கும் படிகம்) கொடுக்க வேண்டிய அதிர்வெண் 17.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும், துளியின் விட்டம் 189 மைக்ரான். பெரிய துளிகளுக்கு நடுவே பொடித்துளிகள் தெரிந்தால் பீசோவின் மின்னழுத்தத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். துளிகளின் இடைவெளி விட்டத்தைப் போல் 2.4 மடங்குதான். ஒன்றின் ஆவிக்குள் அடுத்தது பறப்பதால், தனித்துளியைவிட மெதுவாகவே ஆவியாகும்.

மார்ச் 6

ஒளியியல். 532 நானோமீட்டர் லேசர், சிதறும் பச்சை ஒளியை வெட்ட ஒரு நாட்ச் வடிகட்டி, ஒளியை நிறவாரியாகப் பிரிக்கும் டைக்ரோயிக் கண்ணாடி, ஒளியை அளக்க இரண்டு ஃபோட்டோமல்டிப்ளையர்கள். அளக்கும் அலைநீளப் பட்டைகள்: 545–555, 600 – 620 நானோமீட்டர்.

ஒரே பட்டையில் அளந்தால் துளியின் பருமன், லேசரின் ஏற்ற இறக்கம், சாயச் செறிவு எல்லாம் சிக்னலில் கலந்துவிடும். இரண்டு பட்டைகளை வகுத்தால் இவை அடிபட்டுப் போகும். விகிதத்தின் மடக்கை 1/T-க்கு (T கெல்வினில் வெப்பநிலை) எதிராக ஏறக்குறைய நேர்கோடு. பாடநூல் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். மேசையில் தொல்லை தொடங்குவது இங்கேதான். 545–555 பட்டை சாயத்தின் உறிஞ்சல் உச்சியை ஒட்டியே இருக்கிறது. துளிக்குள் பிறந்த ஒளியில் ஒரு பங்கை வெளியே வருமுன் சாயமே விழுங்கிவிடும்; இதுதான் மறுஉறிஞ்சல். சிவப்புப் பட்டைக்கு அந்த இழப்பு இல்லை.

எவ்வளவு விழுங்கும்? ரோடமைன் பி-யின் மோலார் உறிஞ்சல் கெழு உச்சியில் சுமார் 1,06,000 லிட்டர்/(மோல்·செ.மீ.). 189 மைக்ரான் பாதைக்கு இழப்பு அதிகபட்சம் 2.3 சதவீதம். அற்பமாகத் தோன்றும். ஆனால் விகிதம் டிகிரிக்கு 1 சதவீதம் மாறும் அமைப்பில் அது 2 டிகிரிப் பிழை. அதே கரைசலை 1 செ.மீ. குவெட்டில் (ஒளி அளக்கும் சிறு கண்ணாடிப் பெட்டி) வைத்தால் கிட்டத்தட்ட 70 சதவீதம் போய்விடும். தெரிந்த வெப்பநிலைகளில் விகிதத்தை அளந்து குவெட்டில் எடுத்த காலிபரேஷன் கோட்டைத் துளிக்கு அப்படியே பொருத்துவது வீண்வேலை.

மார்ச் 7

ஆகவே காலிபரேஷன் துளியிலேயே. துளைத்தலையைச் சுற்றி வெந்நீர் உறை, துளைக்குச் சற்று மேலே திரவத்துக்குள் வெப்பநிலை அளக்க மெல்லிய தெர்மோகப்பிள் கம்பி. துளிகள் பிரியும் இடத்தை ஒட்டியே அளக்க வேண்டும். கீழே நகர்ந்தால் எத்தனால் குளிர்ந்துவிடும்: நிறையில் 1 சதவீதம் ஆவியாகி, வெளியிலிருந்து வெப்பம் வராவிட்டால், துளி 3.7 டிகிரி இறங்கும்.

ஒவ்வொரு வெப்பநிலையிலும் லேசரைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்பது கட்டாயம். விகிதம் அசையக் கூடாது. அசைந்தால் முதலில் துளியையே சந்தேகிக்கலாம். கோளத்தின் உள்விளிம்பில் ஒளி சுற்றிச் சுற்றி ஓடி, துளியே லேசராகிவிடும். சிவப்புப் பக்கம் கூரிய முனைகள் எழும், விகிதம் குலையும். சாயமும் லேசர் ஆற்றலும் கூடக்கூட இது எளிதாக நிகழும்.

இரைச்சலுக்கும் ஒரு கணக்கு: பட்டைக்கு 20,000 ஒளி எலக்ட்ரான் (ஃபோட்டோமல்டிப்ளையரில் ஒளி கிளப்பும் எலக்ட்ரான்) கிடைத்தால், விகிதத்தில் 1 சதவீதச் சிதறல். ஒரே நிலையில் பல துளிகளின் சராசரி எடுக்காமல் அரை டிகிரி பற்றிப் பேச முடியாது.

மார்ச் 10

துளி வரிசை தழலுக்குள். சாயம் ஆவியாகாது, எத்தனால் மட்டும் போகும். விட்டம் 20 சதவீதம் சுருங்கினால் பருமன் பாதியாகும், செறிவு இரட்டிக்கும். பாதையும் குறுகுவதால் உறிஞ்சல் இரட்டிக்காது, 1.56 மடங்காகும். 2.3 சதவீதம் 3.6-ஐத் தொடும். வெப்பநிலை மாறாமலே விகிதம் நகரும்.

துளி சூடேறி, எத்தனாலின் கொதிநிலையான 78 டிகிரிக்குக் கீழேயே ஒரு சமநிலையில் நிற்கும். கணித்த வெப்பநிலை அங்கே நிற்காமல் ஒரே பக்கமாக ஊர்ந்துகொண்டே போனால், செறிவைப் பாதியாக்கி காலிபரேஷனும் தழல் அளவீடும் மறுபடி எடுக்க வேண்டும். உண்மையான வெப்பநிலை இரண்டு கரைசலிலும் ஒன்றே. மறுஉறிஞ்சலால் வந்த நகர்வு பாதியாகும். அந்தச் செறிவில் சிக்னல் போதவில்லை என்றால், மூன்றாவது பட்டை ஒன்றைச் சேர்த்து, இரண்டாவது விகிதத்தைக் கொண்டு மறுஉறிஞ்சலைத் தனியே கழிக்க வேண்டும்.