வண்டி நகரும் முன்பே

நேற்று சாயங்காலம் சிங்கப்பூரில் தெம்பனிஸிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். தீவு விரைவுச்சாலையில் கொட்டு மழை. காருக்குள் ஐந்து பேர், இரண்டு ஈரக் குடை. திடீரென்று முன்கண்ணாடி பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது.

புதுக் கார். மூட்டம் போக்கும் பட்டன் தொடுதிரையில் எங்கேயோ இருக்கிறது. தேடினேன். “ஏங்க, ரோட்டப் பாருங்க!” என்று மனைவி கத்தியபோதுதான் முன்னால் எரிந்த பிரேக் விளக்கு கண்ணில் பட்டது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 22 மீட்டர் போகிறோம். மூன்று வினாடி திரையைப் பார்த்தால் 66 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம். பிள்ளைகள் பின்னால் இருந்தார்கள்.

அடுத்த வழியில் வெளியேறி, ஒரு அடுக்குமாடி புளோக்கின் கார்நிறுத்தத்தில் நிறுத்தினேன். கை நடுங்கியது.

வைப்பர் ஓடியும் போகாத மூட்டம் கண்ணாடியின் உள்பக்கம் இருப்பது. நம் மூச்சும் ஈரமும்தான். ஏசியை அணைக்கவே கூடாது, ஈரத்தை இழுப்பது அதுதான். காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றுச் சுழற்சியை நிறுத்தி, வெளிக்காற்றை விடணும். வைப்பர் போட்டதும் மறைந்தால் அது வெளிப்பக்கம். கண்ணாடியில் படும் குளிரைக் குறைத்தால் சரி.

அப்புறம், கனமழையில் வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் கேமராவையும் மழை மறைக்கும்.

ஓட்டும்போது கைப்பேசியைத் தொடாத நாம், காரின் பெரிய திரையை மட்டும் சாதாரணமாகத் தடவுகிறோம். இனி இருக்கை, பக்கக் கண்ணாடி, வழிகாட்டி எல்லாம் வண்டி நகரும் முன்பே. நடுவில் ஏதாவது மாற்றணும் என்றால் மனைவிதான் தொடுவார். அந்தப் பட்டன் எங்கே என்று இன்று காலை மகளுக்கும் காட்டிவைத்தேன்.