கியர்பாக்ஸ் மாற்றிய ஜீப்பில் கிளட்ச் பெடலைப் பழக்கிய வேலை

பழைய டீசல் ஜீப்பின் நாலு கியர் பெட்டியை இறக்கிவிட்டு, ஒரு பிக்கப் வண்டியின் ஐந்து கியர் பெட்டியை ஏற்றி ஒரு மழைக்காலம் போய்விட்டது. கியர் சுத்தமாக விழுகிறது. உச்சிப்புளி தாண்டி மண்டபம் வரை ஐந்தாவது கியரில் இன்ஜின் சத்தம் அடங்கி ஓடுவதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம். கிளட்ச் பெடல் மட்டும்தான் ஒட்டாமல் இருந்தது. மிதிக்கக் கனம். முழுக்க மிதிப்பதற்கு வெகு முன்பே கிளட்ச் இன்ஜினின் பிடியை விட்டுவிடும், மீதித் தூரம் வீண். காலை எடுக்கும்போது பிடிக்கத் தொடங்குவதும் முழுக்கப் பிடிப்பதும் மிகச் சின்ன இடைவெளிக்குள் நடந்துவிடும், வண்டி குதிக்கும்.

நேர் ரோட்டில் இது பெரிதாகத் தெரியாது. பாம்பன் பாலத்தில் தெரியும். 1988-ல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் மேடு. கடலையும் ரயில் பாலத்தையும் பார்க்க வண்டிகள் ஓரம் கட்டும். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்த பிறகும் அதே கதைதான். விடுமுறை நாளில் மேட்டில் நின்று நின்று ஊர்ந்தால் ராமேஸ்வரம் போய்ச் சேர்வதற்குள் இடது முழங்கால் கேள்வி கேட்கும்.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன வைத்தியம் இரண்டு: பெடலுக்கு உதவி ஸ்பிரிங் மாட்டு, அல்லது கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை மாற்று. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்பிரிங் கனத்தைக் குறைக்கலாம், ஆனால் பிடிக்கும் இடத்தை விரிக்காது. பிரஷர் பிளேட்டோ புதிது.

விஷயம் வேறு. பெடல் ஜீப்புடையது. ஸ்லேவ் சிலிண்டர், ஃபோர்க், பிரஷர் பிளேட் மூன்றும் பிக்கப்புடையவை. மாஸ்டர் சிலிண்டர் கடையில் கிடைத்த பொது அளவு. பெடல் மாஸ்டரைத் தள்ளும், அங்கிருந்து ஆயில் ஸ்லேவைத் தள்ளும், ஸ்லேவ் ஃபோர்க் வழியாகப் பிரஷர் பிளேட்டை அமுக்கும். ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத இந்தச் சாமான்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். வெர்னியரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெடல் தண்டு ஆடும் அச்சான பிவட்டிலிருந்து கால் வைக்கும் இடம் 280 மி.மீ., புஷ் ராடு (மாஸ்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி) மாட்டும் துளை 45 மி.மீ. அதாவது ஆறேகால் மடங்குக்குக் கொஞ்சம் கீழே. பெடல் 150 மி.மீ. போனால் புஷ் ராடு 24 மி.மீ. போகும். மாஸ்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், ஸ்லேவ் முக்காலே அரைக்கால் அங்குலம். பரப்புகளை வகுத்துப் பார்த்தால் ஸ்லேவ் புஷ் ராடு கிட்டத்தட்ட 17.7 மி.மீ. நகர்கிறது. ஆனால் கிளட்ச் முழுக்க விடுவதற்கு அங்கே 12.5 மி.மீ. போதும், ஜாக்கியில் ஏற்றி, கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தே அளந்தேன். தேவைக்கு மேல் ஐந்து மி.மீ. அந்த அதிக நகர்வுக்கான விலையைத்தான் என் கால் கொடுத்துக்கொண்டிருந்தது. ஹைட்ராலிக்கில் நகர்வு அதிகமானால் கனமும் அதே விகிதத்தில் கூடும், வேறு வழியில்லை. டயாஃப்ரம் வகைப் பிரஷர் பிளேட்டை அளவுக்கு மீறி அமுக்குவது அதன் ஸ்பிரிங் விரல்களுக்கும் நல்லதல்ல.

மாஸ்டரை 5/8 அங்குலத்துக்குக் குறைத்தால் கால் நன்றாக லேசாகிவிடும், ஆனால் நகர்வு 12.3-க்கு இறங்கும். ஃப்ரீ பிளே, அதாவது எதையும் தள்ளாமல் பெடல் வெறுமனே நகரும் தூரம், போக அதிலும் குறையும். ரிவர்ஸ் போடும்போது பல் கறகறக்கும். ஆகவே மாஸ்டரைத் தொடாமல் பெடல் தண்டிலேயே கை வைத்தேன். துளையை 45-லிருந்து 38-க்குப் பிவட் பக்கம் நகர்த்தினால் விகிதம் 7.4-ஐ நெருங்கும், ஸ்லேவ் நகர்வு 15 மி.மீ., கனம் கிட்டத்தட்ட 16 சதவீதம் குறையும். காகிதத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன கணக்கு இது.

ஏழு மி.மீ. தள்ளிப் புதுத் துளை போட முடியாது, பழைய துளையோடு சேர்ந்து கிழிந்துவிடும். கீழக்கரையில் ஒரு லேத் பட்டறைக்குத் தண்டைக் கழற்றி எடுத்துப் போனேன். அங்கிருக்கும் காக்கா (கீழக்கரை முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்) தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, துளைய அடைச்சு ரெண்டு பக்கமும் பட்டை வச்சுப் பத்தவைப்போம், அப்புறம் துளை போடலாம்” என்றார். அப்படியே செய்தோம். புஷ் ராடு கோணலாகத் தள்ளினால் பிஸ்டனும் சீலும் ஒரு பக்கமாகத் தேயும் என்பதால், மாஸ்டர் உட்காரும் பிராக்கெட்டின் துளைகளை நீளமாக்கி அதையும் அதே ஏழு மி.மீ. நகர்த்தினேன்.

தண்டைக் கழற்றியதில் இன்னொன்றும் வெளிவந்தது. புஷ் ராடைக் கழற்றிவிட்டுப் பெடலைக் கையால் ஆட்டினால் அது தானாக விழ வேண்டும். என்னுடையது விட்ட இடத்திலேயே நின்றது. உப்புக்காற்று பிவட் பின்னையும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷையும் சேர்த்துத் துருவால் ஒட்டியிருந்தது. வாலிநோக்கம் உப்பளம் பக்கம் அடிக்கடி போகும் வண்டி இது. காக்காவே கன்மெட்டலில் புது புஷ் கடைந்து, உள்ளே கிரீஸ் காடியும் வெட்டிக் கொடுத்தார். கடற்கரை ஊர்களில் கிளட்ச் கனம் என்று சொல்பவர்கள் வேறெதையும் வாங்குவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். செலவே இல்லை.

ஆயிலையும் மாற்றினேன். கிளட்சிலும் ஓடுகிற டாட் 3 பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; புதிதில் 205 டிகிரி கொதிநிலைக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, ஈரம் ஏறினால் 140 பக்கம் வந்துவிடலாம். கிளட்சில் சூடு பெரிய கவலையில்லை, அந்த ஈரம் ஸ்லேவுக்குள் துருவாக மாறுவதுதான் கவலை. சிலிண்டரின் உள்சுவரில் குழி விழுந்துவிட்டால் புது சீல் கிட் போட்டும் பயனில்லை. திறந்து பாதி வைத்த டப்பாவை இந்தக் காற்றில் மறுபடி உபயோகிக்கவே கூடாது.

குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது ஈர மணலை மிதித்ததுபோல் பெடல் அமுங்கிக்கொண்டே இருந்தது. காரணம், என் பிராக்கெட்டில் ஸ்லேவின் காற்று விடும் நிப்பிள் மேலே இல்லை. உள்ளே காற்று தங்கிவிடுகிறது. ஸ்லேவின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, பிஸ்டனை உள்ளே தள்ளிப் பிடித்து, நிப்பிள் உச்சிக்கு வருமாறு சாய்த்து, பெரிய ஊசி சிரிஞ்சால் கீழிருந்து மேலாக ஆயிலை ஏற்றினேன். குமிழெல்லாம் மாஸ்டரின் ஆயில் டப்பாவில் வந்து வெடித்தது. பெடல் கெட்டியானது.

கடைசியில் ஃப்ரீ பிளே. புஷ் ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மி.மீ. விட்டேன், பெடலில் அது ஏழு மி.மீ. சொச்சமாகத் தெரியும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுக்கத் திரும்பாது, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும், சூட்டில் அழுத்தம் ஏறிக் கிளட்ச் வழுக்கும்.

இப்போது டயாஃப்ரம் பிளேட்டின் குணமே காலுக்குத் தெரிகிறது: முதலில் கனம் ஏறி, ஓரிடத்தில் உச்சம் தொட்டு, அதைத் தாண்டியதும் கொஞ்சம் இறங்குகிறது. முன்பு துரு எல்லாவற்றையும் ஒரே கனமாகப் பூசி மறைத்திருந்தது. பாலத்து மேட்டில் நிறுத்தி, ஆக்ஸிலேட்டர் அதிகம் கொடுக்காமல், பின்னால் உருளாமல் எடுக்க முடிகிறது. தனுஷ்கோடியின் கடைசியான அரிச்சல்முனை வரை ஓட்டிவிட்டுத் திரும்பியதில் முழங்கால் வலி இல்லை.

ஃப்ரீ பிளே போக, ஸ்லேவ் கணக்கில் இன்னும் இரண்டு மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருக்கிறது. அதற்குப் பெடலுக்குக் கீழே ஒரு ஸ்டாப்பர் போல்ட் வைக்க வேண்டும். ஸ்லேவுக்குப் போகும் பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது லேசாக வீங்குவது கையில் தெரிகிறது. அதற்குப் பதில் ஸ்டீல் பின்னல் ஹோஸ் சொல்லி வைத்திருக்கிறேன். ஹோஸ் மாற்றினால் ஸ்லேவ் நகர்வு கொஞ்சம் கூடும் என்பதால், அதை மாட்டி மறுபடி அளந்த பிறகே ஸ்டாப்பரின் உயரத்தை முடிவு செய்வேன்.