மாட்டுக்கு ஆர் கடதாசி குடுத்தது?

உல்ரிக் பெக் எண்ட ஜேர்மன் சமூகவியல்காரர் 1986ல, செர்னோபில் அணு உலை வெடிச்ச அதே வருசம், சொன்னது என்னெண்டா இந்தக் காலத்து ஆபத்து கண்ணுக்குத் தெரியாது, அது இருக்கோ இல்லையோ எண்டு சொல்லவே நிபுணரும் கருவியும் வேணும், பிறகு அந்த நிபுணரை நம்பலாமோ எண்டது அடுத்த பிரச்சினை. வன்னிச் சனத்துக்கு இதைப் பாடமா எடுக்கத் தேவையில்லை. மிதிவெடி எடுத்தாச்சு, காணி கிளியர் எண்டு கடதாசி குடுத்தாலும் சில பேர் முதல்ல மாட்டைத்தான் விட்டுப் பாப்பினம் (பாவம் மாடு). படிக்காத சனத்தின்ர பயம் எண்டு இதைச் சொல்லுறவையோட எனக்கு ஒத்துவராது, வெடிச்சா போறது அந்தச் சனத்தின்ர கால் தானே. 2018 மார்கழி வெள்ளத்தில கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்ததும் இதே கதைதான், எப்ப திறக்கிறதெண்ட முடிவு ஒரு இடத்தில, தண்ணி ஏறினது வேற ஆக்களின்ர வீட்டுக்க.